இல்லத்தில் இசைப்பெட்டி

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் திருத்தணியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் தமிழ்நாட்டின் எல்லை முடிகிறது. எல்லைக்கு அப்பால் முதலில் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று நகரி. ஊருக்கு அருகே மலையொன்று மூக்கு நீண்டாற்போல் துருத்தி நிற்கும். அதற்கு ‘நகரி மூக்கு’ என்றே பெயர். சென்னையை நோக்கி வந்த மாலுமிகள் முற்காலத்தில் அதனைக் கடலிலிருந்தே கண்டு திசை அறிந்தனர் என்பர். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, நகரி திரும்பவில்லை. இங்குள்ள தமிழர் பலர் ஊரை விட்டுப் பெயர்ந்தவர் அல்லர். இருந்த இடத்தில் இருந்தபடியே பிற மாநிலத்தவர் ஆனவர். வீட்டில் தமிழும், தெருவிலும் பள்ளியிலும் தெலுங்குமாக அவர்களுடைய நாள் கழிகிறது.

நகரி நெசவு ஊர். விசைத்தறியின் ஓசை பகலெல்லாம் ஓயாது. தறிக் கூடத்தின் உள்ளே அவ்வோசை 90 டெசிபெலையும் தாண்டுவதுண்டு. திருப்பதியில் அலுவல் பார்க்கும் நான் குடியிருக்கும் தெருவில், நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் அவருக்கு இருந்த ஒரே இன்பம் சென்னை வானொலி. 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கிய அந்நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பு எல்லைக் கோட்டை அறியாது. இரவில் தறி நின்றபின் கச்சேரி நகரியிலும் கேட்கும். அவற்றுள் பலவற்றை அவர் கேசட்டுகளில் பதிந்து வைத்தார். இன்றோ தெருவில் உள்ள மின்விளக்குகளும் மோட்டார்களும் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. கேசட்டுகளோ பெட்டியில் உறங்குகின்றன. “சார், மூன்று மணி நேரக் கச்சேரியை முழுமையாகக் கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா?” என்று அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இணையத்தின் வழியாக வரும் இசையை வாங்கி, வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் சிறு பெட்டிகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ஸ்ட்ரீமர் என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் இதற்கு ‘இசையோடை’ என்று பெயரிட்டுப் பார்த்தேன், கடைக்காரருக்குப் புரியவில்லை. ஆதலின் ஸ்ட்ரீமர் என்றே சொல்வோம். உள்ளங்கையில் அடங்கும் இப்பெட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது. வைஃபை வழியாக எண் வடிவில் உள்ள இசையைப் பெறுகிறது. அவ்வெண்களை மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலையைக் கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. இப்பெட்டி தானாக ஒலிக்காது. பாடுபவை உங்களிடம் முன்பே உள்ள பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும்தாம். பரணில் கிடக்கும் நல்ல ஸ்பீக்கர்களுக்கு மீண்டும் வேலை கொடுப்பதே இதன் முதற்பயன்.

“கைப்பேசியே போதாதா?” என்று சிலர் வினவலாம். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பினால், முன்பே சுருக்கப்பட்ட இசை மறுமுறையும் சுருக்கப்படுகிறது. நடுவில் அழைப்பு வந்தால் ஆலாபனை அறுபடுகிறது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இசையும் உடன் போய்விடுகிறது. ஸ்ட்ரீமரோ தானே இணையத்தோடு பேசும். கைப்பேசி அதற்குக் கட்டளையிடும் கோல் மட்டுமே.

செலவைப் பற்றி ஒரு சொல். உலகச் சந்தையில் 100 டாலருக்குள் பல ஸ்ட்ரீமர்கள் வந்துள்ளன. கைவேலையில் ஆர்வமுள்ளவர் இன்னொரு வழியையும் நாடலாம். 2012இல் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி 35 டாலர் விலையில் வெளிவந்தது. 2021இல் வந்த அதன் சிறிய வகை ஒன்றின் தொடக்க விலை 15 டாலர்தான். அதன்மேல் ஒலி மாற்றும் பலகை ஒன்றைப் பொருத்தி, மூட் ஆடியோ போன்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினால், நல்லதொரு ஸ்ட்ரீமர் அமைந்துவிடும். பள்ளியில் கணினி பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடிய வேலை இது.

இனி, இப்பெட்டியில் கேட்கும் இசைக்கு வருவோம். சினிமாப் பாட்டுக்கு எந்தப் பெட்டியும் போதும். கர்நாடக சங்கீதமும் ஜாஸ் என்னும் அமெரிக்க இசையும் பெட்டியிடம் மிகுதியாக எதிர்பார்க்கின்றன. இவ்விரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என நேயர்கள் வியக்கக்கூடும். இரண்டிலும் கலைஞன் மேடையிலேயே கற்பனை செய்கிறான். இரண்டிலும் உடன் வாசிப்பவர் வெறும் துணைவர் அல்லர், உரையாடலில் பங்குகொள்பவர். நம் இசை கேட்டுப் பழகிய செவிக்கு ஜாஸ் எட்டாத பொருளன்று. கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்ததை நாம் அறிவோம். அதே கருவியை ஜாஸில் வாசிக்கும் ருத்ரேஷ் மகந்தப்பா அவரோடு இணைந்து 2008இல் ‘கின்ஸ்மென்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 1976இல் இசைத்தொகுப்பாக வெளிவந்த ‘சக்தி’ குழுவின் இசையும் இவ்விரு உலகங்களின் சந்திப்பே.

இவ்விரு இசைகளுக்கும் பழைய துன்பம் ஒன்றும் பொதுவாக உண்டு. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்த காலத்திலும், 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்த காலத்திலும், தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம் இருந்தது. ஒரு மணி நேரம் விரியக்கூடிய ராகத்தை மூன்று நிமிடத்தில் மடித்து வைத்தனர். சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954இல் சங்கீத கலாநிதி ஆன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்றோரும் இத்தட்டுகளின் காலத்தில் பாடியவர்களே. 1948இல் வந்த நெடுந்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தந்தது. கேசட்டு முக்கால் மணி தந்தது. 1982இல் வந்த குறுந்தகடு ஒரு மணிக்கு மேல் தந்தது. ஸ்ட்ரீமருக்கோ கால எல்லையே இல்லை. ஆயினும் நடப்பது என்ன? கடலென விரிந்த இசையை நாமே மீண்டும் மூன்று நிமிடத் துண்டுகளாக்கிக் கேட்கிறோம். செயலிகள் அவ்வாறு கேட்கும்படியே அமைக்கப்பட்டுள்ளன. ஆதலின் பெட்டியை வாங்கியதும் சில அமைப்புகளை மாற்றியாக வேண்டும்.

முதலாவது, இடைவெளி. குறுந்தகட்டில் ராகம், தானம், பல்லவி ஆகியவை தனித்தனித் துண்டுகளாகப் பதியப்பட்டிருக்கும். ஆனால் இசை அறுபடாது ஓடும். சில செயலிகளில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் அரை நொடி மௌனம் விழுகிறது. பாடகர் ஷட்ஜத்தில் நிற்கும்போது தம்புரா துண்டிக்கப்படுவதைவிடக் கொடுமை வேறில்லை. எம்பி3 என்னும் சுருக்க முறை ஒவ்வொரு துண்டின் முதலிலும் முடிவிலும் சிறிது வெறுமையைச் சேர்ப்பது இதற்கு ஒரு காரணம். ஃபிளாக் என்னும் முறையில் இக்குறை இல்லை. பெட்டியின் அமைப்பில் ‘கேப்லெஸ்’ என்னும் வசதி இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் ‘கிராஸ்ஃபேட்’ என்னும் வசதியை நிறுத்திவிடுங்கள். வரிசையைக் கலைக்கும் ‘ஷஃபிள்’ பொத்தானையும் தொடாதீர்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தனி ஆவர்த்தனத்துக்குப் பின் வர்ணம் வருமாயின் அது விருந்தில் பாயசத்துக்குப் பின் உப்புப் பரிமாறுவது போலாகும்.

இரண்டாவது, ஒலியளவு. எல்லாப் பாட்டுகளையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யும் வசதி செயலிகளில் முன்பே இயங்கிக்கொண்டிருக்கும். சினிமாப் பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அது உதவும். நமக்கோ அது கேடு. மெல்லெனத் தொடங்கும் ஆலாபனையை உயர்த்தி, முழங்க வேண்டிய தனி ஆவர்த்தனத்தை அடக்கி, இரண்டையும் ஒரு மட்டமாக்கிவிடும். இவ்வசதியை நிறுத்துங்கள், அல்லது தொகுப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதும் வகை இருந்தால் அதனைத் தேர்ந்தெடுங்கள். தறி ஓடும் பகலில் மெல்லிய பகுதி கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டாதீர்கள். நேரத்தை மாற்றுவதே தக்கது. நாங்கள் ஞாயிறு மாலையைத் தேர்ந்துகொண்டோம். நெடுநாள் தறியோசையால் பெரியவரின் செவி நுண்ணிய ஒலிகளை இழந்துவிட்டது. அவருக்காக ஸ்பீக்கர்களை அவர் நாற்காலிக்கு அருகே நகர்த்தி வைத்தோம். அவ்வளவிலேயே வயலின் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

மூன்றாவது, பெயர். இதில்தான் பெரும் இடர் உள்ளது. இணைய இசைச் சேவைகள் பெரும்பாலும் ‘கலைஞர்’, ‘தொகுப்பு’, ‘பாட்டு’ என்னும் மூன்று பெயர்களையே முதன்மையாகக் கொள்கின்றன. நமக்கோ பாடியவர், இயற்றியவர், ராகம், தாளம், வயலின், மிருதங்கம் ஆகிய அனைத்தும் வேண்டும். தோடி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் எச் சேர்த்து எழுதுவார். மற்றொருவர் சேர்க்காமல் எழுதுவார். தேடும் இயந்திரம் பாதியைக் காட்டிப் பாதியை மறைத்துவிடும். மேலும், இந்துஸ்தானியில் தோடி எனப்படுவது நம் தோடி அன்று. நம் சுபபந்துவராளியை ஒத்தது. பைரவியிலும் இதே குழப்பம் உண்டு. ஜாஸ் கேட்போருக்கும் இத்தொல்லை இருக்கிறது. 1959இல் நியூயார்க்கில் பதிவான ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னும் தொகுப்பு, சுரவரிசையை அடிப்படையாக வைத்து விரிவது. ராகம் அறிந்த செவிக்கு ஜாஸின் வாயிலாக அமையத்தக்கது. அதில் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸஃபோனும் பில் எவன்ஸ் பியானோவும் வாசித்துள்ளனர். ஆனால் சேவைகளில் அது மைல்ஸ் டேவிஸ் பெயரில்தான் இருக்கும். மிருதங்க வித்துவானின் பெயரைக் கொண்டு கச்சேரியைத் தேடுவோர் படும் பாட்டையே அவர்களும் படுகின்றனர். சேவையின் பட்டியலை நம்மால் திருத்த இயலாது. நம்மிடம் உள்ள ஒலிப்பதிவுகளுக்கோ நாம் விரும்பிய பெயர்களை இடலாம். ஃபிளாக் கோப்பில் ராகம், தாளம் எனத் தனித்தனியே குறிப்புகள் சேர்க்க இடமுண்டு; தமிழிலேயே எழுதலாம்.

இங்கேதான் பெரியவரின் கேசட்டுகள் மீண்டும் வருகின்றன. கேசட்டுக் கருவியிலிருந்து கம்பி ஒன்றைக் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளால் அவற்றை ஒவ்வொன்றாக எண் வடிவுக்கு மாற்றினோம். ஓட்டுமுன் கருவியின் தலையைப் பஞ்சும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்தல் வேண்டும். குறுந்தகட்டின் தரம் என்பது நொடிக்கு 44,100 அளவெடுப்பு. அது மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் கொள்ளும். ஃபிளாக் முறையில் அது பாதியளவுக்குக் குறையும். ஒலியில் எதுவும் இழக்கப்படாது. 128 ஜிகாபைட் மெமரி கார்டு ஒன்றில் 300 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பெரியவரின் பெட்டி முழுவதும் அதில் அடங்கியும் இடம் மிஞ்சியது.

முதல் கேசட்டைக் கேட்டதுமே அவர் கையை உயர்த்தினார். “நிறுத்துங்கள் சார். இவருக்குச் சுருதி ஒன்றரைக் கட்டை. இங்கே அதற்கு மேலே ஏறி நிற்கிறதே!” என்றார். கருவியின் மோட்டார் சற்று விரைந்து ஓடியிருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. வேகத்தைத் திருத்திய பின்னரே பதிவைத் தொடர்ந்தோம். இத்தகைய பிழை நமக்கு மட்டும் நேர்வதன்று. மேலே சொன்ன ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதற்பக்கம், பதிவு இயந்திரம் மெதுவாக ஓடியதால், சுருதி சற்று உயர்ந்தே பல்லாண்டுகள் ஒலித்துவந்தது, 1990களில்தான் அது திருத்தப்பட்டது. உலகப் புகழ் பெற்ற தட்டுக்கே முப்பது ஆண்டுகள் ஆயின எனின், வீட்டுக் கேசட்டைத் திருத்தச் சுருதி அறிந்த ஒருவர் அருகில் இருப்பது எத்துணைப் பேறு!

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் மற்றொரு பாடம். ஒன்றில் ‘மணி – தோடி’ என்று மட்டும் இருந்தது. எந்த மணி? 1912இல் பிறந்த மதுரை மணி ஐயரா? அதே ஆண்டில் பிறந்த பாலக்காடு மணி ஐயரா? முன்னவர் பாடகர், 1968இல் மறைந்தவர். பின்னவர் மிருதங்க வித்துவான். 1981 வரை வாழ்ந்தவர். “இரவு வேலைக்கு நடுவே எழுதியது, அந்த இராத்திரியில் எனக்கு மிருதங்கம்தான் பெரிதாகப் பட்டது. பாலக்காட்டு மணி” என்று பெரியவர் சிரித்தார். அவர் இல்லையேல் அச்சீட்டைப் படிப்பவர் யார்? அவருடைய பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தைப் படிக்க அறியார். ஆதலின் ஒவ்வொரு கோப்பிலும் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினோம். தெலுங்கு எழுத்தைப் பேத்தி தட்டச்சுச் செய்தாள். எழுதும்போது, “தோடி என்றால் என்ன தாத்தா?” என்று கேட்டாள். அவர் பாடிக் காட்டினார்.

நான்காவது, நிலைபேறு. இணையச் சேவையில் நாம் செலுத்துவது வாடகை. உரிமங்கள் மாறினால் இன்று இருந்த தொகுப்பு நாளை இராது. பெட்டிக்கும் இது பொருந்தும். 2015இல் 35 டாலருக்கு வந்த குரோம்காஸ்ட் ஆடியோ மலிவான நல்ல கருவி. 2019இல் அதன் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் அதனுள் இருந்த எண்முறைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகெங்கும் அக்கருவிகள் சில நாட்கள் பயனற்றுக் கிடந்தன. நிறுவனம் திருத்தம் அனுப்பிய பின்னரே இயங்கின. ஸ்குவீஸ்பாக்ஸ் என்னும் கருவியின் உற்பத்தியும் 2012இல் நின்றது. ஆனால் அதன் மென்பொருள் எவரும் திருத்தத்தக்க பொது மென்பொருளாக இருந்தமையால், ஆர்வலர்கள் இன்றளவும் அதனை ஓட்டுகின்றனர். ஆகவே, மெமரி கார்டிலோ வீட்டுக் கணினியிலோ உள்ள சொந்தக் கோப்புகளை இணையத்தின் துணையின்றியே ஒலிக்கவல்ல பெட்டியாகப் பார்த்து வாங்குதல் நன்று. கோப்புகளுக்கு இரு படிகள் எடுத்து, இரு வேறு வீடுகளில் வையுங்கள். வானொலியில் பதிந்தவற்றை வீட்டளவில் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதும் முறையாகும்.

நகரியிலிருந்து திருமலை தொலைவில் இல்லை. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவருடைய ஆயிரக்கணக்கான பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் சிற்றறை ஒன்றில் பல நூற்றாண்டுகள் அடைபட்டிருந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்தன. சொற்கள் இருந்தன, ராகங்களின் பெயர்கள் இருந்தன, பாடிய முறை இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளுள் பெரும்பாலானவை பிற்காலத்து வித்துவான்கள் அமைத்தவை. செம்பு காத்துத் தந்தது எழுத்தை மட்டுமே. நம் வீட்டுப் பரண்களில் உள்ள கேசட்டுகளில் குரலே இருக்கிறது. காந்த நாடாவோ செம்பு அன்று. ஆண்டுதோறும் நலிந்து வருவது.

நம் வானொலி 2016 ஜனவரி 26ஆம் நாள் முதல் ‘ராகம்’ என்னும் பெயரில் சாஸ்திரிய இசைக்கெனத் தனி அலைவரிசை ஒன்றை இருபத்துநான்கு மணி நேரமும் நடத்திவருகிறது. அதனை இணையத்திலும் கேட்கலாம். இணைய வானொலி வசதியுள்ள ஸ்ட்ரீமரில் ஜாஸுக்கெனவும் நிலையங்கள் உள. நியூ ஜெர்சியின் நெவார்க் நகரிலுள்ள டபிள்யூபிஜிஓ அவற்றுள் ஒன்று. நகரியில் இப்போது ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தறி நிற்கிறது. பெரியவர் வந்து அமர்கிறார். கட்டளையிடும் கைப்பேசி பேத்தியின் கையில் இருக்கிறது. சென்ற வாரம் அவள் தாத்தாவிடம் கேளாமலே ‘தோடி’ என்று தெலுங்கில் தட்டித் தேடினாள். பாலக்காட்டு மணி ஐயரின் கச்சேரி வந்தது. மூன்று மணி நேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.